வீடு ஒரு கரையில், வேலை ஒரு கரையில்

கேள்வி: எனக்கு 28 வயது. 2009இல் வன்னியில் ஷெல் பட்டு வலது கால் போய்விட்டது. செயற்கைக் காலோடு நடப்பேன். கணக்கியல் படித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் மூன்று நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மூன்றிலும் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "அங்கையிருந்து எப்படி வந்து போவீங்கள்?" என்றே கேட்டார்கள். டவுனில் அறை எடுக்கவா என்றால் அம்மா மறுக்கிறார். என்ன செய்ய?
– வாசகி, புங்குடுதீவு

பதில்: தங்கச்சி, படித்த கணக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அந்தப் பாதை லேசானதல்ல என்பதும் உண்மை.

என் சித்தியின் மகன் ஊன்றுகோலோடு நடப்பவர். ஒருநாள் அவரோடு பஸ்ஸில் போனேன். மிதிபலகை அவர் முழங்காலுக்கு மேலே. ஊன்றுகோலை உள்ளே நீட்டி, கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்குவதற்குள், "கெதியா ஏறுங்கோ" என்று பின்னால் சத்தம். டவுனில் இறங்கினால் கடைக்குக் கடை வாய்க்காலுக்கு மேல் ஒரு படி. கந்தோர் வாசலுக்குப் போகும்போதே சட்டை நனைந்திருந்தது. வேலை அவருக்குப் பிடித்திருந்தது. பயணம்தான் அவரை நிற்பாட்டியது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் ஊரில் வேலைச் செய்தி பேப்பரில் வருவதற்கு முன்பே தேத்தண்ணிக் கடையிலும் ரியூட்டரி வாசலிலும் வாயால் வந்துவிடும். டவுனையும் தீவுப் பகுதியையும் இணைக்கும் பண்ணைப் பாலம் தாண்டி உங்களிடம் வரும்போது ஆள் எடுத்து முடிந்திருக்கும்.

அதனால் டவுனில் அறை எடுத்துப் போங்கள் என்றுதான் சொல்வேன், மூன்று மாதத்துக்காவது. வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, நடக்கிற தூரத்தில் எடுங்கள். கழிப்பறை கொமட்டா, குந்துகிறதா? வாசலில் எத்தனை படி? கிணற்றடியில் பாசி இருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒழுங்கையில் தண்ணீர் நிற்குமா என்று அயலவரிடம் கேளுங்கள். டவுனில் கூடுதலாக நடக்க வேண்டிவரும், ஆகவே செயற்கைக் கால் செய்து பொருத்தும், யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிறுவனத்தில் காலின் பொருத்தத்தையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள். 1987 முதல் அவர்கள் செய்துவரும் வேலை இது.

அடுத்த நேர்முகத்தில் அவர்கள் கேட்க முன்னமே, "இன்ன இடத்தில் தங்குகிறேன், நடந்து வருவேன்" என்று சொல்லிவிட்டுக் கணக்குக்கு வாருங்கள். கெஞ்சத் தேவையில்லை. மாற்றுத்திறனாளி என்பதற்காக வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அரச வெற்றிடங்களில் 3 வீதம் ஒதுக்கச் சொல்லி 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. அது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் விண்ணப்பியுங்கள். வேலணைப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு உங்கள் பெயர் பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, இனி உங்கள் அம்மாவின் விஷயம். அவரிடம் வாதாட வேண்டாம். அறை பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். கிணற்றடியையும் வீட்டுக்கார அம்மாவையும் கண்ணால் கண்டால் பாதிப் பயம் தெளியும். வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லுங்கள், மிச்சத்தை அவர் யோசிக்கட்டும்.