நடைமுறை எழுத்தறிவு, எண்ணறிவு, கணினித் தகுதிகள்: பெற்றோர் கவனத்திற்கு

நடைமுறை எழுத்தறிவு, எண்ணறிவு, கணினித் திறன் ஆகியவற்றுக்கான தகுதித் தேர்வுகளைப் பள்ளிகள் அறிமுகப்படுத்தும்போது, அவை படிப்பில் பின்தங்கியவர்களுக்கு மட்டுமே உரியவை என்று பெற்றோர் பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள். வழக்கமான தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெறும் பிள்ளைகளும் இத்தேர்வுகளில் தடுமாறுவதுண்டு; இன்ன கணக்கைப் போடு என்று இங்கே யாரும் சொல்வதில்லை, எதைக் கணக்கிட வேண்டும் என்பதையே மாணவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஒரு பொருளுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி, குறைத்த விலையில் மேலும் 10 விழுக்காடு தள்ளுபடி என்றால், மொத்தம் 30 விழுக்காடு என்று பலர் சட்டென்று விடை எழுதிவிடுவார்கள். ஆனால் 100 முதலில் 80 ஆகி, பிறகு 72 ஆவதால், கிடைப்பது 28 விழுக்காடுதான். கணினியிலும் இப்படித்தான். எக்செல் தாளில் எண்களை நிரப்பிவிட்டு, கூட்டுத்தொகையைக் கால்குலேட்டரில் கண்டு தட்டச்சு செய்யும் மாணவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்குத் தாள் சரியாகவே இருக்கும். ஆனால் மேலே ஓர் எண்ணைத் திருத்தினால் கீழே உள்ள தொகை மாறாது. சூத்திரம் இட்டிருந்தால் அது தானாகவே மாறியிருக்கும். வேலைக்குச் சேரும் இடத்தில் இந்த வேறுபாடு மிக விரைவில் வெளிப்பட்டுவிடும் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இத்தகைய தகுதிகளுக்கு இங்கிலாந்தின் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 2010இல் அங்கே பரவலாக அறிமுகமான இத்தகுதியில், ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் தொடக்க நிலையில் மூன்று படிகளும், அதற்கு மேல் முதல் நிலை, இரண்டாம் நிலை என இரண்டும் உள்ளன. ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு ஆகிய மூன்றிலும் தனித்தனியே தேற வேண்டும். ஒன்றில் உள்ள குறையை மற்றொன்றின் மதிப்பெண்ணால் ஈடுகட்ட முடியாது. கணினிக்கு மட்டும் சான்றிதழ் போதுமென்றால், பல நாடுகளில் வழங்கப்படும் ஐசிடிஎல் உள்ளது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் இரண்டாம் நிலையைத் தொழிற்பயிற்சிகளுக்குப் பரவலாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்றாலும், சில பல்கலைக்கழகப் படிப்புகள், அங்கே பள்ளி மாணவர்கள் 16 வயதளவில் எழுதும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இயில் கணிதத்தையே கேட்கின்றன. ஆகவே, உங்கள் பிள்ளை அடுத்துச் சேர விரும்பும் கல்லூரியோ நிறுவனமோ எந்தத் தகுதியை, எந்த நிலையில் ஏற்கிறது என்பதைப் பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே எழுத்துவழி கேட்டுப் பெறுங்கள்.

அதன் பிறகு, பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்பதை அறியும் முன்மதிப்பீட்டுத் தேர்வை நடத்துமாறு பள்ளியிடம் கேளுங்கள். வாசிப்பில் உயர்ந்த நிலையிலும் எண்ணறிவில் இரண்டு படி கீழேயும் இருப்பது இயல்பே. எழுத்தறிவு, எண்ணறிவு, கணினி ஆகிய மூன்றையும் ஒரே நிலையில் எழுத வேண்டும் என்று வற்புறுத்தாமல், ஒவ்வொன்றையும் அதனதன் படியிலிருந்தே தொடங்க விடுங்கள்.