துபாய் டெசர்ட் சஃபாரி: 90 திர்ஹாமா, 220 திர்ஹாமா?

டிசம்பர் லீவு நெருங்கிருச்சு, இந்த வாரம் வந்த கேள்வில முக்காவாசி துபாய் டெசர்ட் சஃபாரி பத்திதான். அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த வாரம் எடுத்துக்கிறேன், இன்னைக்கு இது மட்டும்.

கேள்வி: அண்ணே வணக்கம், நாங்க திருச்சி. டிசம்பர் கடைசி வாரம் துபாய் வர்றோம். நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேரு (9 வயசு, 4 வயசு), எங்க அத்தை, அதாவது மாமியார் (66 வயசு, இடுப்பு வலி உண்டு). சாயங்கால சஃபாரிக்கு வாட்ஸ்அப்ல ஒருத்தர் ஆளுக்கு 90 திர்ஹாம்ங்கிறார், ஹோட்டல்ல 220 கேக்குறாங்க. ரெண்டு பேரும் அனுப்புன லிஸ்ட் அச்சு அசலா ஒண்ணுதான். எதை எடுக்குறது, அங்க போனா என்னதான் நடக்கும்?

பதில்: அக்கா, முதல்ல விலைய விடுங்க, அத்தை விஷயத்த பேசிருவோம். அவங்கள டூன் பேஷிங் வண்டில ஏத்தாதீங்க. டூன் பேஷிங்னா லேண்ட் க்ரூசர் மாதிரி பெரிய வண்டில மணல்மேட்டு உச்சிக்கு ஏறி அங்கேருந்து சரிஞ்சு இறங்கி மறுபடி ஏறி, இப்படியே 20 நிமிஷத்துலேருந்து 45 நிமிஷம் வரைக்கும் போகும். வயசுப் பசங்களுக்கு அது கொண்டாட்டம், இடுப்பு வலி உள்ளவங்களுக்கு ஒவ்வொரு குலுக்கலும் நேரா முதுகெலும்புலதான் போய் இறங்கும். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பெரியம்மா ஊர்லேருந்து வந்தப்ப டிரைவர் "மெதுவா போறேன், ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னத நம்பி நானே ஏத்தி விட்டேன், பத்தாவது நிமிஷம் வலி தாங்க முடியாம வண்டிய நிறுத்தச் சொன்னாங்க, ஊருக்குத் திரும்பிப் போய் ரெண்டு வாரம் பிசியோதெரபி. அந்தத் தப்பு உங்க வீட்டுல நடக்கக்கூடாதுன்னுதான் இத முதல்ல சொல்றேன். கர்ப்பமா இருக்கறவங்க, ஹார்ட் பிரச்சனை உள்ளவங்க, சமீபத்துல ஆபரேஷன் பண்ணவங்க, கழுத்து வலிக்காரங்க எல்லாருக்கும் இதேதான். ஆனா அத்தைய ஹோட்டல்ல விட்டுட்டுப் போகணும்னு அவசியம் இல்ல. மணல்மேட்டு ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் சாப்பாட்டுக்கும் ஷோவுக்கும் போற இடம்தான் கேம்ப். "ஒருத்தர் மட்டும் நேரா கேம்ப்புக்கு வருவாங்க, மணல்மேட்டுல ஏறாம கொண்டுபோய் விட முடியுமா"ன்னு புக் பண்றப்பவே கேளுங்க, நிறைய பேர் செஞ்சு தருவாங்க, சில பேர் தனியா கொஞ்சம் காசு கேப்பாங்க. சின்னக் குழந்தைய மணல்மேட்டுல ஏத்துறதுல ஆளுக்கு ஒரு ரூல் வச்சிருக்காங்க, 4 வயசுன்னு முன்னாடியே சொல்லிருங்க, ஏத்துறாங்கன்னா சைல்ட் சீட் உண்டான்னும் கேளுங்க. என்னைக் கேட்டா குட்டியும் பாட்டியும் ஒண்ணா நேரா கேம்ப்புக்குப் போயிரட்டும்.

இன்னொண்ணு, அத்தைக்கு வலி மாத்திரை எடுத்துட்டு வர்றீங்கன்னா பேரப் பாருங்க. டிரமடால், கோடீன் கலந்ததெல்லாம் இங்க கட்டுப்பாட்டுல இருக்கற மருந்து, அனுமதி இல்லாம கொண்டுவந்தா ஏர்போர்ட்லயே பெரிய சிக்கலாயிரும்.

இப்ப அன்னைக்கு என்ன நடக்கும்னு சொல்றேன். மதியம் ரெண்டரை மூணு மணிக்கு பிக்கப், டிசம்பர்ல அஞ்சரை மணி வாக்குல சூரியன் மறைஞ்சிரும், அதுக்குள்ள மணல்ல இருக்கணும். நிறைய பேர் போறது லஹ்பாப் பக்கம், சிட்டிலேருந்து முக்கால் மணி ஒரு மணி நேரம், அங்க மணல் செவப்பா இருக்கும், இரும்பு ஆக்சைடு கலந்திருக்கறதால அந்த நிறம், சாயங்கால வெயில் பட்டா கண்ண எடுக்க முடியாது. மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி ஒரு கடைகிட்ட நிறுத்துவாங்க. டயர்ல காத்த இறக்கறதுக்காக, 35 பிஎஸ்ஐ கிட்ட இருக்கறத 15 வாக்குல கொண்டு வருவாங்க, அப்பதான் டயர் பரந்து மணல்ல புதையாம போகும். இந்த நிறுத்தத்துலதான் பர்ஸ் காலியாகும் அக்கா. தலைல கட்டுற துண்ட ஒருத்தர் வந்து கட்டியே விட்டுருவார், அப்புறம் 50 திர்ஹாம், 60 திர்ஹாம்னு கேப்பார், கட்டறதுக்கு முன்னாடியே வேணாம்னு சொல்லிருங்க இல்லேன்னா துபாய் பழைய சிட்டில இருக்கற தேரா கடைத்தெருல மலிவா வாங்கி வச்சுக்கோங்க. குவாட் பைக்கும் (மணல்ல ஓட்டுற நாலு சக்கர பைக்) அங்கதான், அது உங்க பேக்கேஜ்ல இருக்காது. பாத்ரூம் போகணும்னா அங்கயே போயிருங்க.

மத்தியானம் வயிறு முட்ட சாப்டாதீங்க, லேசா ஏதாவது, அதுவும் கிளம்பறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி. கார்ல வாந்தி வர்றவங்க யாராவது இருந்தா பெரியவங்கன்னா டிரைவர் பக்கத்து சீட்ட கேட்டு வாங்குங்க, கடைசி வரிசைலதான் குலுக்கல் ரொம்ப ஜாஸ்தி. "மெதுவா போங்க"ன்னு டிரைவர்கிட்ட தைரியமா சொல்லுங்க, அவங்க தினம் கேக்கறதுதான், ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க.

கேம்ப்ல பேரீச்சம்பழமும் கஹ்வாவும் குடுத்து வரவேப்பாங்க (ஏலக்காய் போட்ட அரபிக் காபி, பால் சக்கரை கிடையாது, நம்ம காபின்னு நினைச்சு குடிச்சா ஏமாந்துருவீங்க). ஒட்டக சவாரின்னு லிஸ்ட்ல இருக்கறது கேம்ப் வாசல்ல ரெண்டு மூணு நிமிஷம் ஒரு சுத்து, அவ்வளவுதான். ஒட்டகம் எந்திரிக்கும்போது பின்னங்கால முதல்ல நிமித்தும், ஏறுனவங்க முன்னாடி சாயாம பின்னாடி சாஞ்சு பிடிச்சுக்கணும், பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க. மருதாணி போடுவாங்க, பழுப்பு இல்லேன்னா செங்காவி நிறத்துல வர்றது சரி, கன்னங்கரேல்னு உடனே பிடிக்கிற கலர்னா வேணாம்னு கைய எடுத்துருங்க, அதுல கலக்குற கெமிக்கல் தோல பொசுக்கிரும், குழந்தைக்கு போடவே போடாதீங்க. அப்புறம் தனூரா டான்ஸ் (கலர் கலரா பாவாடை கட்டிக்கிட்டு சுத்திக்கிட்டே ஆடுறது), நெருப்பு ஷோ, பஃபே சாப்பாடு, ஒம்பது ஒம்பதரைக்கு ஹோட்டல். ராத்திரி பாலைவனம் குளிரும், துபாய்ல என்ன குளிருன்னு நினைச்சு பல பேர் டீ ஷர்ட்டோட வந்து நடுங்குறாங்க, ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.

சரி, விலை. லிஸ்ட் ஒண்ணா இருக்கறதுல ஆச்சரியமே இல்ல, எல்லாரும் எழுதுறது அதே லிஸ்ட்தான். வித்தியாசம் அந்த லிஸ்ட்ல எழுதாத இடத்துல இருக்கு. 90க்கு வர்றதுல ஹோட்டல்லேருந்து பஸ்ல கூட்டிட்டுப் போய் பாலைவன ஓரத்துல வண்டி மாத்துறதும் உண்டு, டூன் பேஷிங்கே இல்லாம பஸ் நேரா கேம்ப்புக்குப் போறதும் உண்டு. கேம்ப்ல நூத்துக்கணக்குல கூட்டம், சாப்பாட்டுக்கு நீள வரிசை. 220ல ஒரு பங்கு ஹோட்டல் டெஸ்க் கமிஷனாவும் இருக்கலாம், அதனால காசு ஜாஸ்தின்னா தரமும் ஜாஸ்தின்னு முடிவு பண்ணிராதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மெசேஜ் அனுப்புங்க: ஹோட்டல் வாசல்லேருந்து வர்றது மணல்ல ஓடுற ஃபோர் வீல் டிரைவ் வண்டியா பஸ்ஸா, ஒரு வண்டில எத்தனை பேர், டூன் பேஷிங் எத்தனை நிமிஷம், 5 சதவீத வாட் சேத்த விலையா, கேம்ப்ல தனியா காசு குடுக்க வேண்டியது என்னென்ன, வரலேன்னு சொன்னா பணம் எவ்வளவு திரும்பும். பதில எழுத்துல வாங்குங்க, வாய்ஸ் நோட்டு வேணாம். தெளிவா பதில் சொல்றவர்கிட்ட புக் பண்ணுங்க. நீங்க அஞ்சு பேர், கூட ஒருத்தருக்குக் காசு போட்டா முழு வண்டியும் உங்களுக்கே கிடைக்கலாம், முழு வண்டி என்ன விலைன்னும் கேட்டுப் பாருங்க, அத்தை இருக்கறதால அதுதான் உங்களுக்கு நல்லதுன்னு எனக்குத் தோணுது.

கேள்வி: அண்ணா நான் ஷார்ஜால வேலை பாக்குறேன். ரூம்மேட்ஸ் நாலு பேர் சஃபாரி போனோம், அங்க குவாட் பைக் அரை மணி நேரம் எடுத்தோம். திருப்பிக் குடுக்கும்போது முன்னாடி பம்பர் உடைஞ்சிருக்குன்னு 600 திர்ஹாம் கேட்டாங்க. நாங்க எங்கயும் இடிக்கல. சண்டை போட்டு 300 குடுத்துட்டு வந்தோம். என்ன பண்ணிருக்கணும்?

பதில்: தம்பி, மாசக் கடைசில 300 திர்ஹாம்ங்கிறது உங்களுக்கு எவ்வளவு பெரிய காசுன்னு எனக்குத் தெரியும், படிக்கும்போதே கஷ்டமா இருந்துச்சு. வாடகை வண்டி எதுவா இருந்தாலும் ஏறதுக்கு முன்னாடி போன எடுத்து நாலு பக்கமும் வீடியோ, கீறல் இருக்கற இடத்துல கேமராவ நிறுத்தி, வண்டி குடுக்கற ஆள் பக்கத்துல நிக்கும்போதே "அண்ணே இது ஏற்கெனவே இருக்கு பாருங்க"ன்னு சத்தமா சொல்லி எடுக்கணும். அந்த ஒரு வீடியோ கைல இருந்தா பாதி பேர் கேக்கவே மாட்டாங்க. அப்படியும் கேட்டா கையெழுத்து போட்ட பில் குடுங்கன்னு கேளுங்க. பில் இல்லாம ஒரு திர்ஹாம் குடுக்கக்கூடாது, மிரட்டுனா 999 போலீஸ், கூப்பிடத் தயங்காதீங்க. பாஸ்போர்ட்டையோ எமிரேட்ஸ் ஐடியையோ டெபாசிட்டா வாங்கி வச்சுக்கிற இடத்துல வண்டியே எடுக்காதீங்க. ஹெல்மெட் இல்லேன்னா அதுவும் வேணாம், மேட்டு உச்சில அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாம வேகமா ஏறி கவுந்து கைகால் உடைஞ்சவங்க இருக்காங்க. டிராவல் இன்சூரன்ஸ் எடுத்து வர்ற ஊர்க்காரங்களும் கவனிங்க, நிறைய பாலிசில குவாட் பைக் விபத்து கவராகாது.

கேள்வி: நாங்க சுத்த சைவம், கோயம்புத்தூர். கேம்ப்ல சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஹம்மூஸ் (கொண்டைக்கடலை விழுது), சாலட், குபூஸ் (அரபி ரொட்டி), சாதம், பருப்பு, ஏதாவது ஒரு காய் குழம்பு, இந்திய டூரிஸ்ட் நிறைய வர்றதால பெரும்பாலும் பசியோட திரும்ப மாட்டீங்க. லுகைமாத்னு பேரீச்சம்பழ சிரப் ஊத்துன சின்ன உருண்டை பலகாரம் இருந்தா விட்டுராதீங்க. கறி சுடுற அதே கம்பிலயே காய சுடுறாங்களான்னு கேட்டுக்கோங்க. வெங்காயம் பூண்டும் ஆகாதுன்னா ஒரு நாள் முன்னாடியே சொல்லணும், அங்க போய்ச் சொன்னா வெள்ளரிக்காயும் சாதமும்தான்.

கேள்வி: ஆன்லைன்ல கார்டுல பணம் கட்டிட்டோம், சொன்ன நேரத்துக்கு வண்டியே வரல, மூணு மணி நேரம் லாபில உக்காந்திருந்தோம். போன் எடுக்கல. ரீஃபண்டும் தரல. இவங்க பேரப் போட்டு திருட்டுப் பசங்கன்னு ரிவ்யூ எழுதலாம்னு இருக்கேன்.

பதில்: கோவம் நியாயம்தான், ஆனா அந்த வார்த்தைய மட்டும் எழுதிராதீங்க. எமிரேட்ஸ்ல இணையத்துல ஒருத்தர இழிவா பேசுறது கிரிமினல் கேஸ் வரைக்கும் போகும், பணத்த இழந்தவர் மேலேயே புகார் திரும்புற நிலைமை வரும். ரிவ்யூ எழுதுனா தேதி, பிக்கப் நேரம், எத்தனை தடவை போன் பண்ணீங்க, அவ்வளவுதான், யார் போட்டோவும் போடாதீங்க. பணத்துக்கு வேற வழி இருக்கு. முதல்ல கம்பெனிக்கு மெயில்ல ரீஃபண்ட் கேளுங்க, புக்கிங் ரசீது, கால் லிஸ்ட் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேத்து. பதில் வரலேன்னா துபாய் நுகர்வோர் பாதுகாப்புத் துறை வெப்சைட்ல புகார் குடுங்க, டூரிஸ்ட்டும் குடுக்கலாம், ரசீது மட்டும் இருக்கணும். கூடவே உங்க பேங்க்ல சேவை கிடைக்கலேன்னு சார்ஜ்பேக் (கார்டுல கட்டுன பணத்த பேங்க் மூலமா திரும்பக் கேக்கறது) கேளுங்க, அதுக்கு காலக்கெடு உண்டு, ஊருக்குப் போய் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க, இன்னைக்கே மெயில் போட்டுருங்க. இத படிக்கிற மத்தவங்க, முடிஞ்சவரைக்கும் கார்டுல கட்டுங்க, வண்டி வாசல்ல வந்தப்புறம் கட்டுற மாதிரி இருந்தா இன்னும் நல்லது, யாரோ ஒருத்தரோட சொந்த அக்கவுண்டுக்கு அனுப்பிட்டா பேங்க் மூலமா திரும்ப வாங்குறது ரொம்பக் கஷ்டம்.

கேள்வி: ரமலான் சமயத்துல வர்றோம், கூட அப்பா அம்மா. அப்ப சஃபாரி நடக்குமா? பெல்லி டான்ஸ் எல்லாம் அப்பா அம்மாவோட உக்காந்து பாக்க சங்கடமா இருக்கும்னு யோசிக்கிறோம்.

பதில்: நடக்கும், ஆனா வேற மாதிரி. பொதுவா ரமலான் மாசத்துல பெல்லி டான்ஸும் லைவ் மியூசிக்கும் இருக்காது, நிறைய கேம்ப்ல மதுவும் கிடையாது, சூரியன் மறைஞ்சு நோன்பு திறந்தப்புறம்தான் சாப்பாடு. அப்பா அம்மாவோட வர்றவங்களுக்கு அது அமைதியான நாளுன்னே சொல்வேன். ரமலான் வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னாடி நகரும், தேதியப் பாத்து டிக்கெட் போடுங்க.

ஒண்ணு சொல்லணும், பெல்லி டான்ஸ் இந்த ஊர் ஆட்டம் கிடையாது, தனூராவும் எகிப்துலேருந்து வந்தது. அப்பா அம்மாவுக்கு பாலைவனத்த நிஜமா காட்டணும்னு ஆசைன்னா கொஞ்சம் பணம் சேத்து துபாய் டெசர்ட் கன்சர்வேஷன் ரிசர்வ்னு சொல்ற பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ள போற டூர விசாரிங்க, 225 சதுர கிலோமீட்டர் இடம் அது. அங்க ஓரிக்ஸ்னு வெள்ளை மான், நேரா நீளமான கொம்போட இருக்கும். 1972ல காட்டுல ஒண்ணுகூட மிச்சம் இல்லாம அழிஞ்சுபோன மிருகம், கூண்டுல வளத்தத பெருக்கித்தான் மறுபடி பாலைவனத்துல விட்டாங்க. போன குளிர்காலம் எங்க மாமாவ கூட்டிட்டுப் போனேன், அவருக்கு 71 வயசு, வண்டி மெதுவாத்தான் போச்சு, ஒரு மேட்டு ஓரமா மூணு ஓரிக்ஸ் நின்னுட்டிருந்துச்சு, டிரைவர் எஞ்சின நிறுத்திட்டார், மாமா அரை மணி நேரம் பேசவே இல்ல. காலை டூரும் இருக்கு, சாயங்கால டூரும் இருக்கு. ரமலான்ல சாயங்காலம் எடுத்தா ரோட்டுல நோன்பு திறக்குற நேரத்து அவசரம் இருக்கும், பிக்கப் நேரத்த முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை போன் பண்ணி உறுதி பண்ணிக்கோங்க.