சர்டிபிகேட் இல்லாமல் ஹோட்டல் டக்ட் சுத்தம் செய்யலாமா?

கேள்வி: கோவையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் எட்டு வருடம் வேலை பார்த்தேன். இப்போது நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, ஹோட்டல் சமையலறைகளின் ஹூட் (அடுப்புக்கு மேலுள்ள புகைக் கூண்டு), டக்ட் (புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்), எக்ஸாஸ்ட் ஃபேன் சுத்தம் செய்யும் தொழில் தொடங்க நினைக்கிறேன். முதலில் போய்ப் பார்த்த மேனேஜரே "சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார். எங்களிடம் எதுவும் இல்லை. ஆன்லைனில் பணம் கட்டி ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார் நண்பர். சான்றிதழ் இல்லாமல் செய்தால் குற்றமா?

பதில்: குற்றமில்லை. இந்த வேலைக்கென்று தனி உரிமமோ கட்டாயத் தேர்வோ நம் சட்டத்தில் கிடையாது. பெரிய ஹோட்டல் குழுமங்கள் 'என்எஃப்பிஏ 96' என்ற அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரத்தைக் கேட்பதுண்டு. விறகு, கரி அடுப்புள்ள சமையலறையின் டக்டை மாதம் ஒருமுறையும், ஓயாமல் பொரித்து வறுக்கும் சமையலறையின் டக்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் சோதிக்கச் சொல்கிறது அது. இங்கே அது சட்டமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் அந்தப் பெயரை எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால், அது உங்களைக் கட்டுப்படுத்தும்.

நண்பரின் யோசனை வேண்டவே வேண்டாம். இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டிப் பணம் வாங்குவது மோசடி. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318(4)-இல் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கும்போது, பொய்ச் சான்றிதழ் வாங்கி ஏன் குற்றவாளி ஆக வேண்டும்?

என் கவலையெல்லாம் வேலை முடிந்து நீங்கள் எழுதிக் கொடுக்கப்போகும் பில்லைப் பற்றித்தான். ஹூட்டும் அதிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் பில்டரும் கைக்கு எட்டும், பளபளவென்று ஆகிவிடும். டக்ட் சுவரைத் தாண்டி வளைந்து மொட்டைமாடிக்குப் போகும் இடத்தில்தான் பிசுக்கு தார் மாதிரி அப்பிக்கிடக்கும். அங்கே திறந்து பார்க்கக் கதவே இல்லாத கட்டடங்கள் நிறைய. பில்லில் மட்டும் 'முழுச் சுத்தம்' என்று எழுதிவிடுவார்கள். பிறகு அந்த வளைவில் தீப்பிடித்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்த பில்லைத்தான். ஹோட்டலுக்கு இழப்பீடு கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனமும், ஹோட்டலின் இடத்தில் நின்று அந்தத் தொகையை உங்களிடம் கேட்டு வழக்குப் போடலாம். உங்கள் கவனக்குறைவால் ஓர் உயிர் போனது என்று நிரூபணமானால் அதே சட்டத்தின் பிரிவு 106(1). ஐந்து ஆண்டு வரை சிறை.

அதனால் செய்ததை மட்டும் எழுதுங்கள். 'ஹூட், 6 பில்டர், 12 அடி டக்ட் சுத்தம் செய்யப்பட்டது. முதல் வளைவுக்கு மேல் கதவு இல்லாததால் செய்யவில்லை. கதவு வைக்கும்படி நிர்வாகத்திடம் சொல்லப்பட்டது.' இப்படி எழுதி மேனேஜரின் கையெழுத்து வாங்குங்கள். தேதியோடு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். "சும்மா முழுசுன்னு போட்டுக் கொடுப்பா" என்று கேட்பவர்கள் வருவார்கள். அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஆட்கள். வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதல் இருக்கும் விதி. உங்கள் மேல் தவறு இல்லை என்று சொல்லிப் பொதுவாகத் தப்ப முடியாது. ஏணி, ஈரத் தரை, காஸ்டிக் சோடா என்று எல்லாமே ஆபத்து. அலுமினிய பில்டரைக் காஸ்டிக்கில் ஊறப்போட்டால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வரும், பில்டரும் அரித்துப்போகும். இது உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் கேஸ் வால்வை மூடியாயிற்றா, ஃபேனின் மின்சாரத்தைத் துண்டித்தாயிற்றா என்று நீங்களே பாருங்கள். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு, உங்கள் வேலையால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பீடு இரண்டையும் முதல் வேலைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பயிற்சியும் எடுங்கள், சட்டம் கேட்காவிட்டாலும், விபத்துக்குப் பின் நீதிமன்றம் கேட்கும்.

பதிவு வேலைகள் எளிது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஏஜெண்ட் தேவையில்லை. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் (லாபம் அல்ல, மொத்த வரவு) 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். குடோன் வைத்தால் தொழில் உரிமம் பற்றி மாநகராட்சியில் கேளுங்கள். மூவரும் லாபத்தைப் பங்கிடுவதானால் கூட்டாண்மைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதில் ஒருவர் செய்த தவறுக்கு மற்ற இருவரின் சொத்தும் பதில் சொல்ல வேண்டிவரும் என்பதால், பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மையான எல்எல்பியாகத் தொடங்குவது நல்லது.

அந்த மேனேஜரிடம் மறுபடி போங்கள். "சர்டிபிகேட் இல்லை சார். காப்பீடு இருக்கிறது. எது செய்தோம், எது செய்யவில்லை என்று போட்டோவோடு எழுதிக் கொடுப்போம்" என்று சொல்லுங்கள்.