நாடாளுமன்ற நிலைக்குழுக்களின் பரிந்துரையை அரசு ஏற்க வேண்டிய கட்டாயமே இல்லை என்றால், அந்தக் குழுக்கள் எதற்கு?

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவராக இருக்க வேண்டும். வழிகாட்டி நூல்களில் "பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். அதைப் படித்துவிட்டு வெறும் சம்பிரதாயம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மத்திய அமைச்சகம் ஒன்றின் வரவு செலவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். குழுவுக்குப் பதில் தயாரிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்பதால், இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. பரிந்துரையை அரசு ஏற்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை எழுத உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

பட்ஜெட் தாக்கலுக்குப் பின் அவைகளுக்கு இடைவேளை விடுவது எம்.பி.க்கள் ஊருக்குப் போய்வருவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வாரங்களில்தான் 24 துறைசார் நிலைக்குழுக்களும் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை, அதாவது அந்த ஆண்டுச் செலவுக்கு அவை கேட்கும் தொகைகளை, ஆராய்கின்றன. 1993இல் வந்த ஏற்பாடு இது. குழுவுக்கு 31 பேர். மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது.

முதலில் குழுச் செயலகத்திலிருந்து கேள்விப் பட்டியல் வரும். பதில் அனுப்பிய பிறகு அமைச்சகத்தின் செயலாளர் நேரில் போக வேண்டும். நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தில் கூட்டம். செயலாளர் மேசையில் உட்காருவார். எங்களைப் போன்றவர்கள் பின்னால், மடியில் கோப்புகளோடு. அவர் தடுமாறினால் பின்னாலிருந்து துண்டுச்சீட்டு போகும்.

ஒரு வருடம், ஒரு திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி செலவாகாமல் கிடந்தது. "மாநிலங்களிடமிருந்து பயன்பாட்டுச் சான்றிதழ்கள் எதிர்பார்க்கப்படுகின்றன" என்று அமைச்சகம் பதில் கொடுத்திருந்தது. கொடுத்த பணத்தை உரிய வேலைக்குச் செலவிட்டோம் என்று மாநிலங்கள் தரும் சான்றுதான் அது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் பதில்களையும் கையோடு கொண்டுவந்திருந்தார். மூன்றையும் வாசித்தார். ஒரு சொல் மாறவில்லை. "எந்த மாநிலம், எத்தனை சான்றிதழ், எந்தத் தேதியில் கடிதம் எழுதினீர்கள்?" என்று கேட்டார். செயலாளர் திரும்பிப் பார்த்தார். துண்டுச்சீட்டு எதுவும் போகவில்லை. எழுதுவதற்கு யாரிடமும் விவரம் இல்லை. எழுத்துமூலம் தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். அன்று மாலையே எல்லா மாநிலங்களுக்கும் தொலைநகல் பறந்தது. மாநிலவாரியான நிலுவைப் பட்டியல் எங்கள் பிரிவில் உருவானது அப்போதுதான். பிறகு மாதந்தோறும் ஆய்வுக் கூட்டம் நடந்தது, சான்றிதழ்கள் வந்தன, அடுத்த தவணைப் பணமும் போனது. எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை.

அமைச்சகத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்; சோறு போட்ட இடம். எல்லாக் குழுவும் இப்படியா என்று சண்டைக்கு வராதீர்கள். பாதி நாற்காலி காலியாகக் கிடந்த கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். ஆண்டுதோறும் குழுவை மாற்றியமைப்பதால், துறை பிடிபடும் நேரத்தில் உறுப்பினர் வேறு குழுவுக்குப் போய்விடுவதும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஆளுங்கட்சிக்காரர் என்பதைக் கவனியுங்கள். அங்கே கேமரா இல்லை, கொறடா உத்தரவும் இல்லை. அவையில் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். அதனால்தான் குழுக் கூட்டங்களை நேரலையில் காட்ட வேண்டும் என்கிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

எனக்குக் கோபம் வருவது, மசோதாக்களைக் குழுவுக்கே அனுப்பாமல் நிறைவேற்றுவதைப் பார்க்கும்போது. 15ஆவது மக்களவைக் காலத்தில் சுமார் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17ஆவதில் 16 சதவீதம்தான். 2020இல் மூன்று வேளாண் சட்டங்களும் எந்தக் குழுவையும் பார்க்காமல் நிறைவேறின. விவசாயிகள் ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் உட்கார்ந்தார்கள். 2021இல் அரசு சட்டங்களை விலக்கிக்கொண்டது. விவசாயச் சங்கங்களை முன்பே குழு அறைக்கு அழைத்துக் கேட்டிருக்கலாமே! இதை எந்தக் கட்சி ஆண்டாலும் சொல்வேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இன்னொன்று. என் தம்பி மகள் பயிற்சி மையத்துக்குப் போகிறாள். 31, 21, 10 எல்லாம் தலைகீழாகச் சொல்வாள். நிலைக்குழு அறிக்கை ஒன்றை எடுத்துக் காட்டினேன். "இது பாடத்திட்டத்தில் இல்லை, பெரியப்பா" என்று மூடி வைத்துவிட்டாள். அவள் மேல் வருத்தமில்லை. இத்தனை ஆயிரம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓர் அறிக்கையைக்கூடத் திறந்து காட்டாத மையங்கள் மேல்தான் வருத்தம்.

நீங்களாவது திறந்து பாருங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பரிந்துரைகளுக்கு அரசு மூன்று மாதங்களுக்குள் பதில் தர வேண்டும். அதை வைத்துக் குழு வெளியிடுவது நடவடிக்கை அறிக்கை. அதில் நான்காம் அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள். அரசு சொன்ன பதிலைக் குழு ஏற்க மறுத்த பரிந்துரைகள் அங்கே இருக்கும். ஏன் மறுத்தது என்பதை முதல் அத்தியாயத்தில் காரணத்தோடு எழுதியிருப்பார்கள்.