இறப்பர் கேள்வி-பதில்: பாகை மட்டும் போதுமா?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரொக்கெட் மோட்டார்களின் உள்ளுறை, அதாவது உருக்குச் சுவரின் உட்புறம் ஒட்டும் இறப்பர்ப் படை, பற்றியவை. மூன்றில் கேள்வியே இல்லை, பாராட்டு மட்டும். நன்றி, ஆனால் அடுத்த முறை கேள்வியும் எழுதுங்கள்.

திண்ம எரிபொருள் 3,000 பாகையில் எரிகிறது. இறப்பர் எப்படித் தாங்குகிறது? (மருதானை)

தாங்குவதில்லை. தன்னைக் கொடுத்துத்தான் உருக்குச் சுவரைக் காக்கிறது. மேற்பரப்பு சிதைந்து வாயுவாகும்போது வெப்பத்தை விழுங்கும். மிஞ்சும் கரிப்படலம் அடியிலுள்ள இறப்பருக்குக் குடைபிடிக்கும். அந்தக் கரி உதிராமல் பிடித்துவைக்கத்தான் சிலிக்காவும், கெவ்லர் போன்ற அரமிட் செயற்கை நாரும் சேர்க்கிறார்கள்.

நம் நாட்டு இயற்கை இறப்பரை ஏன் பயன்படுத்துவதில்லை? (நுகேகொடை)

1876இல் ஹெனரத்கொடையில் கன்று நட்ட பெருமை இருக்கட்டும். இயற்கை இறப்பரின் சங்கிலி முழுக்க இரட்டைப் பிணைப்புகள். ஒட்சிசனும் ஓசோனும் அங்கேதான் கைவைக்கும். கடுஞ்சூட்டில் அது இளகிப் பிசுபிசுத்து, கரி என்று சொல்லத்தக்க எதையும் விட்டுவைக்காது. உள்ளுறைக்குப் போடும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை இறப்பரின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பே இல்லை, அடர்த்தியும் கன சென்ரிமீற்றருக்கு 0.86 கிராம் அளவுதான். லொறி டயர் என்று வாருங்கள், நம் இறப்பருக்காக நானே வாதாடுகிறேன்.

அப்படியானால் இஸ்ரோ ஏன் நைத்திரைல் இறப்பரை எடுத்தது? (வெள்ளவத்தை)

நல்ல கேள்வி. அவர்களுடைய ‘ரொகாசின்’ என்ற உள்ளுறை இறப்பர் நைத்திரைல் வகை. கொஞ்சம் கனம் கூடுதல், ஆனால் ஒட்டும். ஈ.பி.டி.எம். இலேசில் எதனோடும் ஒட்டாது. உள்ளுறை ஒரு பக்கம் சுவரோடும், மறுபக்கம் இடைப்பூச்சு வழியாக எரிபொருளோடும் பிடித்திருக்க வேண்டும். எரிபொருள் பக்கம் ஒட்டு விட்டால் எரியும் பரப்பு திடீரெனக் கூடி, அழுத்தம் எகிறும். ஆகவே சொல்கிறேன்: ஒட்டும் பரப்பை வெறுங்கையால் தொடாதீர்கள். ஒட்டைக் கெடுக்கும் சிலிக்கோன் தெளிப்பானை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

ரொக்கெட்டுக்குப் போடும் இறப்பர் விரிப்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கிறதாம். என் பேக்கரி அடுப்புக் கதவுக்கு வைக்கலாமா? எத்தனை பாகை தாங்கும்? (கொட்டாஞ்சேனை)

கடைசி வாக்கியத்தைப் படித்ததும் தலையிடி வந்துவிட்டது. எல்லோரும் பாகையைக் கேட்கிறார்கள், நேரத்தை ஒருவரும் சொல்வதில்லை. காய்ந்த தோசைக்கல்லில் விரல் நுனியால் தோசையைப் புரட்டுகிற சமையற்காரருக்குச் சுடுவதில்லை. அதே விரலை அங்கே ஊன்றிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இறப்பருக்குள் வெப்பம் இறங்கும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். 100 செக்கனில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 2 சென்ரிமீற்றர். இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டின் முதற்கட்டம் இரண்டு நிமிடத்துக்குள் எரிந்து முடிகிறது. சுவரில் சூடு உறைப்பதற்குள் வேலை தீர்ந்துவிடும். பிறகு அந்த உள்ளுறை கரியாய்க் கிடந்தால் யாருக்கு நட்டம்? உங்கள் அடுப்போ விடிய இரண்டு மணிக்கே மூட்டப்படும், வருடம் முழுக்க. அந்தக் கதவுக்குச் சிலிக்கோன் இறப்பர் பட்டி வாங்குங்கள். 200 பாகையில் நெடுநாள் உழைக்கும். அதற்கு மேல் போகும் அடுப்பென்றால் இறப்பரையே மறந்துவிட்டுக் கண்ணாடி நார்க் கயிற்றைப் பாருங்கள்.

‘ரொக்கெட் தரம்’ என்று சோக்கால் எழுதிய ஒரு விரிப்பை நானும் ஒரு கடையில் பார்த்தேன். துண்டு வாங்கிக் கொளுத்தினேன். கரி நிற்கவில்லை, பழைய டயர் நாற்றம்தான் நின்றது.

அரமிட் நார் சேர்த்த விரிப்பில் கொப்புளம் வருகிறது. ஏன்? (இரத்மலானை)

நாரை உலர்த்தினீர்களா, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் பதமாக்கினீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நான் சோதிடரா? ஊகித்தே சொல்கிறேன்: அரமிட் நார் ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம் அச்சுக்குள் ஆவியாகிறது. கலப்பதற்கு முன் நாரை உலர்த்துங்கள். உருளையிலிருந்து வரும்போது நார் ஒரே திசையில் படுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். விரிப்பை அடுக்கும்போது அந்தத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முன்பு கல்நார் சேர்த்தார்களாமே? (தெமட்டகொடை)

ஆம், அமெரிக்க விண்ணோடத்தின் பூஸ்டர்களிலும். கரியை அது நன்றாகப் பிடிக்கும், நுரையீரலையும் பிடிக்கும். பழைய துண்டு கையிலிருந்தால் அறுக்காதீர்கள், உரசாதீர்கள்.

1986 சலஞ்சர் விண்ணோட விபத்துக்கு உள்ளுறைதானே காரணம்? (பம்பலப்பிட்டி)

இல்லை. மோட்டார்த் துண்டுகளின் இணைப்பை அடைக்கும் ஓ-வளையம் என்ற இறப்பர் வளையம். குளிரில் விறைத்ததால் இடைவெளியை நேரத்துக்கு அடைக்கவில்லை.

வீட்டில் செய்யும் ரொக்கெட்டுக்குச் சைக்கிள் ட்யூப் போதுமா? (பெயரில்லை)

போதாது. எந்த ட்யூபும் போதாது. இந்தக் கடிதத்தை உங்கள் அப்பாவிடம் காட்டுங்கள்.