பையன் சினிமாவுக்குப் போகட்டுமா?

அம்மா, வணக்கம்.

பிளஸ் டூவில் கணினி அறிவியல் குரூப் எடுத்த மகன், இன்ஜினியரிங் வேண்டாம், சினிமாதான் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகச் சொன்னீர்கள். கோடம்பாக்கத்தில் அலைந்தே வயசு போய்விடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் டைரக்டர், நடிகர் என்ற இரண்டு வேலைகளை மட்டும் மனதில் வைத்துப் பயப்படுகிறீர்கள்.

1993இல் சன் டிவி வந்த பிறகு இங்கே தயாரிப்பின் அளவே மாறிவிட்டது. திங்கள் முதல் சனி வரை ஓடும் ஒரு சீரியலுக்கு வருடத்துக்குச் சுமார் 300 எபிசோட் வேண்டும். ஒவ்வொரு சேனலிலும் இப்படிப் பல சீரியல்கள். அப்புறம் ஓடிடி வேறு. சினிமா தள்ளிப்போகலாம், எபிசோட் தள்ளிப்போக முடியாது.

ஷூட்டிங் வீட்டில் எடுத்ததை எடிட்டர் வெட்டிக் கோக்க வேண்டும். டப்பிங் பேசி, பின்னணி இசையும் சத்தங்களும் சேர்த்து, மிக்ஸிங் முடிந்த பிறகே அது சேனலுக்குப் போகும். கையிருப்பில் நாலைந்து எபிசோட்தான் இருக்கிறது, கதாநாயகிக்குக் காய்ச்சல் என்றால், இருக்கிற ரியாக்‌ஷன் ஷாட்டுகளை நீட்டி நேரத்தை நிரப்புவதும் எடிட்டர் தலையில்தான் விழும். (ஒரு வசனத்துக்கு ஆறு பேர் முகத்தை மாறி மாறிக் காட்டுகிறார்களே என்று சிரிக்கிறோம். சில நாள் அதற்குக் காரணம் இதுதான்.) எடிட்டிங், ஒலிப்பதிவு, கலர் கரெக்‌ஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் தெரிந்தவர்களுக்கு சினிமா, சீரியல், விளம்பரம் எல்லாவற்றிலும் வேலை உண்டு. டைரக்‌ஷன் ஆசையை விடச் சொல்லவில்லை. கையில் ஒரு தொழிலோடு போகட்டும் என்கிறேன்.

படிக்க, சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். நான்கு வருடப் பட்டப்படிப்பு. தனியார் கல்லூரிகளைப் பார்க்கக் கட்டணம் மிகக் குறைவு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவுப் பிரிவுகளுக்கு இயற்பியல், வேதியியல் கேட்பார்கள்; தம்பியிடம் இரண்டும் இருக்கின்றன. இடங்கள் குறைவு என்பதால், கல்லூரிகளில் இருக்கும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்புக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். புனே திரைப்படக் கல்லூரியின் முதுநிலைப் படிப்புகளுக்குப் பட்டம் வேண்டும், அதை அப்புறம் பார்க்கலாம்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் உதவியாளர் வேலைதான். சம்பளம் குறைவு, அதுவும் சில இடங்களில் இழுத்தடிப்பார்கள். ஃபெப்சி என்ற திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் அவரவர் தொழிலுக்குரிய சங்கத்தில் சேரவும் ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். படிப்பு முடிந்து இரண்டு வருடம் வீட்டிலிருந்து கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமா என்று இப்போதே தம்பியின் அப்பாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். முடியாது என்றால் விஷுவல் எஃபெக்ட்ஸ் பக்கம் திருப்பலாம். அங்கே பெரிய கம்பெனிகளில் மாதச் சம்பளம் உண்டு. "சான்ஸ் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

இந்த லீவில் தம்பியை உங்கள் ஊர்த் திருவிழாவை போனில் எடுத்து, ஐந்து நிமிடப் படமாக வெட்டி, சத்தத்தையும் சரிசெய்யச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் எடிட்டிங் செய்ய டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும். முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு எந்தப் பிரிவு என்று பேசலாம்.