காய்ச்சல் என்றால் அவர் பயப்படாமல் சொல்ல வேண்டும்

கேள்வி: எங்கள் வீட்டில் பல வருடங்களாக வீட்டு வேலை செய்யும் அம்மா 2020 மார்ச் மாதக் கொரோனா ஊரடங்கிலிருந்து வரவில்லை. கண்ணகி நகரிலிருந்து வருபவர். செப்டம்பர் 1 முதல் மாநகரப் பேருந்து ஓடுவதால், திங்கட்கிழமையிலிருந்து வரட்டுமா என்று கேட்கிறார். எனக்கு முழங்கால் வலி. அவர் இல்லாமல் சமாளிக்க முடியவில்லை. ஆனால் வீட்டில் 82 வயது மாமியார் இருக்கிறார். சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. அவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும் அந்த அம்மாதான். என் கணவர் தினமும் வங்கி வேலைக்குப் போய்வருகிறார். அந்த அம்மா எங்கள் குடியிருப்பிலேயே இன்னும் மூன்று வீடுகளில் வேலை பார்ப்பவர். கொரோனா பரிசோதனைச் சான்றிதழ் கேட்கலாமா? வந்ததும் கிருமிநாசினி தெளித்து, குளிக்க வைத்து உள்ளே விடலாம் என்கிறார் கணவர். தனித் தட்டு, டம்ளர் வைக்க வேண்டுமா? பணியாளர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று குடியிருப்புச் சங்கம் சொல்கிறது. எங்கள் வீடு நான்காவது மாடி. ஏப்ரல், மே சம்பளம் கொடுத்தோம். அதன் பிறகு கொடுக்கவில்லை.
— வாசகி, திருவான்மியூர்

பதில்: வரச் சொல்லுங்கள். முழங்கால் வலியோடு நீங்கள் குனிந்து பெருக்க வேண்டாம். அவருக்கும் இத்தனை மாதம் வருமானம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள கவலை முழுவதும் ஒரே திசையில் ஓடுகிறது. அவரிடமிருந்து உங்களுக்கு என்ன வரும் என்று மட்டுமே யோசித்திருக்கிறீர்கள். தினமும் வெளியே போய்ப் பலரைச் சந்தித்துத் திரும்புபவர் உங்கள் கணவர். நீங்கள் எல்லோரும் வாய் வைத்த தட்டையும் டம்ளரையும் கையால் கழுவப்போகிறவர் அந்த அம்மா. எனவே நான் சொல்லும் எந்த ஏற்பாடும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது.

முதலில் காற்று. இந்த நோய் பெரும்பாலும் மூச்சு, பேச்சு, இருமல் வழியாகவே பரவுகிறது. கூட்டமான, காற்றோட்டமில்லாத அறைகளில் நுண்துளிகள் காற்றில் தங்கித் தொற்றக்கூடும் என்பதை உலக சுகாதார நிறுவனமும் ஜூலையில் ஒப்புக்கொண்டது. சமையலறையில் மிளகாய் வதக்கினால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இருமல் வருகிறதல்லவா? அந்த நெடி போகும் இடமெல்லாம் மூச்சும் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வருவதற்கு முன்பே எல்லா ஜன்னல்களையும் பால்கனிக் கதவையும் திறந்துவிடுங்கள். சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி இருந்தால் அவர் பாத்திரம் தேய்த்து முடிக்கும்வரை ஓடட்டும். ஏசி வேண்டாம், சாதாரண வீட்டு ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. அவர் கூடத்தில் இருந்தால் நீங்கள் படுக்கையறையில் இருங்கள். அவர் அங்கே வந்தால் நீங்கள் கூடத்துக்கு வந்துவிடுங்கள். இத்தனை மாதக் கதையைப் பேச ஆசையாக இருக்கும். பால்கனியில் ஆறடி தள்ளி நின்று பேசுங்கள்.

முகக்கவசம் அவருக்கு மட்டுமல்ல, அவர் இருக்கும் நேரம் முழுவதும் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் உண்டு. மூன்று அடுக்குத் துணிக் கவசம் போதும். சென்னை வெயிலில் பேருந்தில் வந்து, அடுப்படியில் நின்று, தண்ணீரில் வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரத்தில் அது நனைந்துவிடும். நனைந்த கவசத்தில் மூச்சு விடுவது சிரமம், பாதுகாப்பும் குறைவு. ஐந்தாறு கவசங்களை உங்கள் செலவில் வாங்கிக் கொடுங்கள். வந்ததும் ஒன்று மாற்றட்டும், நடுவில் நனைந்தால் இன்னொன்று. நடுநடுவே பால்கனிக்குப் போய்க் கவசத்தைக் கழற்றி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வரட்டும். அதை நீங்களே சொன்னால்தான் செய்வார்; கேட்கத் தயங்குவார்.

கிருமிநாசினியை ஆள்மேல் தெளிப்பது கூடவே கூடாது. ஏப்ரலில் திருப்பூரில் சந்தைக்கு வருபவர்கள்மேல் மருந்து தெளிக்கும் சுரங்கப்பாதை வைத்தார்கள். ஊர் ஊராக அதைப் பார்த்து அமைத்தார்கள். சில நாட்களில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையே அதை வேண்டாம் என்றது. மத்திய சுகாதார அமைச்சகமும் அதையே சொன்னது. கண்ணும் தோலும் எரியும், மூச்சுக்குழல் பாதிக்கும். உடலுக்குள் இருக்கும் வைரஸை அது ஒன்றும் செய்யாது. குளிக்கச் சொல்வதும் அப்படித்தான். துணியிலிருந்து தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. கூட்டத்தில் நசுங்கி வந்ததால் முகம் கழுவி வேறு புடவை மாற்றிக்கொள்ள அவரே விரும்பினால், தாழ்ப்பாள் உள்ள குளியலறையைக் கொடுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம்.

கட்டாயம் வேண்டியது கை கழுவுதல். செருப்பை வெளியே விட்டு, நுழைந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டு 20 விநாடி. கிளம்பும்போதும் அதேபோல் கழுவட்டும்; அது அவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக. இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, சோப்பு அதைக் கரைத்துவிடும். சானிடைசரை வாசலில் வேண்டுமானால் வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம். அதில் இருப்பது எரியும் ஆல்கஹால்.

தனி டம்ளர் கேள்விக்கு என் பதில் திட்டவட்டமானது: வேண்டாம். எவர்சில்வர் மேல் இந்த வைரஸ் இரண்டு மூன்று நாள் வரை இருக்கக்கூடும் என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் பாத்திரம் தேய்க்கும் சாதாரண சோப்பே அதை அழித்துவிடும். உங்கள் தட்டைச் சுத்தமாக்கும் அதே சோப்பு அவர் குடித்த டம்ளரையும் சுத்தமாக்கும். நம் ஊரில் தனி டம்ளருக்கு நீண்ட, கொடிய வரலாறு உண்டு. நோயின் பெயரைச் சொல்லி அதை வீட்டுக்குள் கொண்டுவர நான் துணை போகமாட்டேன். நீங்கள் குடிக்கும் காபியையே கொடுங்கள், பால்கனியில் உட்கார்ந்து குடிக்கட்டும். கவசத்தைக் கழற்றும் நேரம் என்பதால் இடைவெளிதான் முக்கியம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். இப்போது பல வீடுகளில் பிளீச்சிங் திரவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பணிப்பெண்ணிடம் கொடுத்து எல்லாவற்றையும் துடைக்கச் சொல்கிறார்கள். கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தோடு அது கலந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். தரைக்கு வழக்கமான சோப்புத் தண்ணீர் போதும். கதவுக் கைப்பிடி, தாழ்ப்பாள், குழாய் போன்றவற்றுக்கு, ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் நான்கு தேக்கரண்டி வீட்டு பிளீச்சை (5 சதவீத வகை) கலந்து, கையுறை போட்டுத் துடைத்தால் போதுமானது. மின் சுவிட்சுகளை ஈரம் பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

சான்றிதழ் கேட்பதில் பயனில்லை. மாதிரி எடுத்த அன்று தொற்று தென்படவில்லை என்பதைத்தான் அது சொல்லும். மறுநாள் பேருந்தில் தொற்றினால் அந்தக் காகிதம் என்ன செய்யும்? தனியார் ஆய்வகத்தில் அதற்கு இப்போது (2020) 3,000 ரூபாய் வரை ஆகும். அதைவிட உறுதியான காவல் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது: உடம்பு சரியில்லாத நாளில் அவர் வராமல் இருப்பது. தொண்டை வலியோடும் லேசான காய்ச்சலோடும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏன் வேலைக்கு வருகிறார்கள்? சம்பளம் பிடிப்பார்கள், வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்ற பயம்தான். அந்தப் பயம் இருக்கும்வரை நீங்கள் எத்தனை கேள்வி கேட்டாலும் “ஒன்றுமில்லை அம்மா” என்றுதான் பதில் வரும். எனவே திங்கட்கிழமைக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: காய்ச்சல், இருமல், உடல் வலி, வாசனை தெரியாமல் போவது, எதுவாக இருந்தாலும், அவருக்கோ அவர் வீட்டில் யாருக்கோ வந்தாலும், வர வேண்டாம், 14 நாளானாலும் முழுச் சம்பளம் உண்டு, வேலை அவருடையதுதான். மாநகராட்சி இப்போது (2020) நடத்தும் காய்ச்சல் முகாமில் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அன்று காலையே அவருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இருக்கிறது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்ற வாய்ப்புண்டு என்பதால், தாமதிக்கக் கூடாது.

சம்பளம் பற்றி நீங்கள் மறைக்காமல் எழுதியிருப்பதால் நானும் நேராகச் சொல்கிறேன். மார்ச் 19 அன்று பிரதமர் தொலைக்காட்சியில் பேசியபோது, வீட்டில் வேலை செய்பவர்கள் வர முடியாத நாட்களுக்குச் சம்பளம் பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பேருந்து இல்லாததற்கு அந்த அம்மா பொறுப்பில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரையான சம்பளத்தை முழுதாக முடியாவிட்டால் பாதியாவது, தவணையாகவாவது கொடுங்கள். உங்கள் கணவருக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது.

அதே குடியிருப்பின் மற்ற மூன்று வீட்டாரையும் அழைத்துப் பேசுங்கள். நான்கு வீட்டிலும் ஒரே முறை, ஒரே வாக்குறுதி இருந்தால்தான் பயன். ஒரு வீட்டில் சம்பளம் பிடித்தால் அந்தப் பயத்தில் நான்கு வீட்டுக்கும் வருவார். ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று முறை வைத்து, சம்பளத்தைக் குறைக்காமல் விட முடிந்தால் இன்னும் நல்லது. பேருந்தில் கூட்டம் குறைந்த பிறகு பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். லிஃப்ட் விஷயத்தைச் சங்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர், கவசத்தோடு, உள்ளே பேசாமல் என்ற விதி எல்லோருக்கும் இருக்கட்டும். பணியாளர்கள் மட்டும் படியேற வேண்டும் என்பது நோய்த்தடுப்பு ஆகாது.

மாமியாரைக் குளிப்பாட்டுவதை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். எண்ணெய் தேய்ப்பதென்றால் முகத்துக்கு முகம் அரை மணி நேரம், குளியலறையோ சிறியது. அந்த வேலையைச் சில மாதங்களுக்கு உங்கள் கணவர் செய்யட்டும், கவசம் போட்டுக்கொண்டு. மாமியார் அறையை நீங்கள் வீட்டார் மட்டும் சுத்தம் செய்யுங்கள். விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். அந்த அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனை. இந்த மாற்றத்தை மாமியாரிடம் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்த அம்மாவின் குரல் கேட்டதும் “இங்கே வா, பக்கத்தில் உட்கார்” என்று கூப்பிடுவார், அவரும் மறுக்கமாட்டார்.